'நாளையிலேர்ந்து வர வேணாம்ப்பா'... 20 வருஷ வேலை போனா அது வாய்ப்பா? கைக்கு வர வேண்டிய பணம் எவ்வளவு? முழு விவரம்!

கடலூர் மாவட்டம் கம்மாபுரத்துல ஒருத்தர் இருக்கார்னு வெச்சுக்குவோம். வயசு 44. தினமும் விருத்தாசலத்துக்கு பஸ் ஏறி, ஒரே பீங்கான் கம்பெனியில 20 வருஷம் வேலை பார்த்தவர். கடைசியா வாங்கின சம்பளம் மாசம் 15,600 ரூபாய்.

ஒரு திங்கக்கிழமை சாயங்காலம் முதலாளி கூப்பிட்டு, "ஆர்டர் இல்லப்பா, நாளையிலேர்ந்து வர வேணாம்" என்கிறார். ஒரு கவரும், கையெழுத்துப் போடச் சொல்லி ஒரு பேப்பரும் மேசை மேல இருக்கு.

வீட்டுக்குத் திரும்பற வழியில டீக்கடையில ரெண்டு அறிவுரை கிடைக்கும். ஒருத்தர், "விடுப்பா, இதை ஒரு வாய்ப்பா நினைச்சுக்கோ" என்பார். இன்னொருத்தர், "கொடுக்கறத வாங்கிட்டு அமைதியா வந்துடு" என்பார்.

ரெண்டாவது அறிவுரையைக் கேட்டா, முதல் அறிவுரை பலிக்கவே பலிக்காது. ஏன்? வாங்க, ஒவ்வொண்ணா பார்க்கலாம்.

பீங்கான் ஊர்ல வேலை ஏன் போகுது?

கம்மாபுரத்துக்கு ஒரு பக்கம் நெய்வேலி, இன்னொரு பக்கம் விருத்தாசலம். நெய்வேலிப் பகுதியில பழுப்பு நிலக்கரியோட சேர்ந்து களிமண்ணும் கிடைக்கும். இந்த மண்ணை நம்பி விருத்தாசலத்துல பீங்கான் தொழிற்பேட்டை வந்தது. பொம்மை, கப், மின்சாதனப் பொருள்னு சின்னச் சின்ன யூனிட்கள் உருவாச்சு. அதனாலதான் அதுக்கு 'பீங்கான் நகரம்'னு பேர்.

ஆனா பீங்கானோட இடத்தை வேற பொருட்கள் மெல்ல மெல்லப் பிடிச்சிடுச்சு. பழைய வீட்டு மெயின் போர்டுல வெள்ளையா ஒரு பீங்கான் ஃபியூஸ் இருக்குமே, ஞாபகம் இருக்கா? புது வீடுகள்ல அந்த இடத்துல எம்.சி.பி. சுவிட்ச்தான். டீக்கடையில பீங்கான் கப் போய் கண்ணாடி டம்ளர், பேப்பர் கப் வந்தாச்சு. இதுல வேலை செய்யறவரோட தப்பு எதுவும் இல்ல. சூளையில அடுக்கற கை அதே கைதான். அது செய்யற பொருளை வாங்கறதுக்குத்தான் ஆள் குறைஞ்சு போச்சு.

இதை முதல்லயே சொல்லக் காரணம் இருக்கு. ரொம்ப வருஷம் பார்த்த வேலை போனதும் பலர் கேட்டுக்கற முதல் கேள்வி, "நான் என்ன தப்பு பண்ணேன்?" என்பதுதான். பொருளுக்குச் சந்தை போறது வேற, ஆளுக்குத் திறமை போறது வேற.

வேலை போனா நேரம் கிடைக்கும்... அது வாய்ப்புதானே?

இங்கதான் கொஞ்சம் கவனம் வேணும். இதுக்கு ஆஸ்திரியா நாட்டுல ஒரு பிரபலமான ஆய்வே நடந்திருக்கு.

வியன்னா நகரத்துக்குப் பக்கத்துல மரியந்தால்னு ஒரு கிராமம். ஊருக்கே சோறு போட்டது ஒரே ஒரு துணி ஆலை. உலகப் பொருளாதார நெருக்கடியில 1930 வாக்குல அந்த ஆலை மூடப்பட்டது. அடுத்து அந்த ஊர் மக்கள் என்ன ஆனாங்கன்னு மரீ யஹோடா, பால் லாசர்ஸ்ஃபெல்ட், ஹான்ஸ் சைசல் என்ற மூணு பேர் தங்கள் குழுவோட ஆராய்ஞ்சு, 1933-ல் புத்தகமா வெளியிட்டாங்க.

எல்லோருக்கும் நாள் முழுக்க நேரம் இருந்தது. அப்போ நூலகத்துல புத்தகம் எடுக்கறது கூடியிருக்கணும் இல்லையா? கட்டணத்தை எடுத்துட்ட பிறகும் அது கிட்டத்தட்டப் பாதியா குறைஞ்சது. தெருவுல ஆண்கள் நடக்கற வேகம் கூடக் குறைஞ்சிருந்ததைக் கணக்கு எடுத்தாங்க. 'இன்னைக்கு என்ன செஞ்சீங்க?' என்று கேட்டா பலரால பதில் சொல்ல முடியல. பெண்களுக்கு மட்டும் வீட்டு வேலை ஓயல. அவங்க ஆண்களை விட வேகமா நடந்தாங்க.

இந்த ஆய்வு நமக்குச் சொல்றது ஒண்ணுதான். வேலை போனதால கிடைக்கற நேரம் லீவு மாதிரி கிடையாது. கையில காசும், நாளைக்கு என்ன என்ற திட்டமும் இல்லாத நேரம் மனுஷனைச் சோர்வாத்தான் ஆக்கும். அந்த நேரம் வாய்ப்பா மாறணும்னா ஆறு மாசமோ, ஒரு வருஷமோ அரிசி வாங்கக் காசு வேணும். அந்தக் காசு எங்க இருந்து வரும்? உங்களுக்குச் சட்டப்படி சேர வேண்டிய பணத்துல இருந்துதான்.

20 வருஷத்துக்கு எவ்வளவு வரணும்?

2025 நவம்பர் 21 முதல் நாட்டுல நான்கு புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்திருக்கு. ஆட்குறைப்புக்கான அடிப்படை விதி பழைய 1947 தொழில் தகராறுகள் சட்டத்துல இருந்ததுதான். சில புது அம்சங்களும் சேர்ந்திருக்கு. நம்ம கம்மாபுரத்துக்காரர் கணக்கையே போட்டுப் பார்ப்போம். (15,600 ரூபாய் முழுக்க அடிப்படைச் சம்பளம், பஞ்சப்படி சேர்ந்ததுன்னு வெச்சுக்குவோம்.)

*முன்னறிவிப்பு:* ஒரு மாசத்துக்கு முன்னாடியே எழுத்துல சொல்லணும். சொல்லலைன்னா ஒரு மாசச் சம்பளம் தரணும். 15,600 ரூபாய்.

*ஆட்குறைப்பு இழப்பீடு:* முடிச்ச ஒவ்வொரு வருஷத்துக்கும் 15 நாள் சராசரிச் சம்பளம். அரை மாசச் சம்பளம் 7,800-னு எடுத்துக்கிட்டா, 20 வருஷத்துக்கு 1,56,000 ரூபாய்.

*கிராஜுவிட்டி எனும் பணிக்கொடை:* கடைசிச் சம்பளத்தை 26-ஆல வகுத்து, 15-ஆல பெருக்கி, வருஷங்களால பெருக்கணும். 15,600-ஐ 26-ஆல வகுத்தா 600. பதினஞ்சு நாளுக்கு 9,000. 20 வருஷத்துக்கு 1,80,000 ரூபாய். பொதுவா 5 வருஷ சர்வீஸ் வேணும். உச்சவரம்பு 20 லட்சம்.

*மறுதிறன் நிதி:* இது புதுசு. ஆட்குறைப்பு செய்யப்பட்ட தொழிலாளியோட வங்கிக் கணக்குல 15 நாள் சம்பளம், 45 நாளுக்குள்ள வரணும். நம்ம கணக்குக்கு சுமார் 7,800 ரூபாய்.

மொத்தம் 3,59,400 ரூபாய். பி.எஃப். பணம் இதுல சேரல, அது தனி.

மாசம் 12,000 ரூபாய்ல குடும்பம் ஓடுதுன்னா, இந்தப் பணம் கிட்டத்தட்ட முப்பது மாசத்துக்குத் தாங்கும். மேசை மேல இருந்த கவர்ல 50,000 இருந்திருந்தா? நாலு மாசத்தைக் கொஞ்சம் தாண்டும், அவ்வளவுதான். முப்பது மாசம் கையில இருக்கறவர் புதுசா ஒண்ணு கத்துக்கலாம், தொழில் தொடங்கிப் பார்க்கலாம், பிடிக்காத வேலையை வேணாம்னு சொல்லலாம். நாலு மாசம் இருக்கறவர் கிடைச்ச வேலைக்குத்தான் போகணும்.

நிலுவையில இருக்கற சம்பளம்? வேலையை விட்டு நிறுத்தின ரெண்டு வேலை நாளுக்குள்ள கொடுத்துடணும்னு புதிய ஊதியச் சட்டத் தொகுப்பு சொல்லுது.

அந்தப் பேப்பர்ல கையெழுத்துப் போடலாமா?

படிக்காம போடாதீங்க. முக்கியமா ரெண்டு வார்த்தைகளைத் தேடுங்க.

முதல் வார்த்தை 'ராஜினாமா'. "சொந்தக் காரணத்தால் நானே விலகிக்கொள்கிறேன்" என்று எழுதிக் கொடுத்தா அது ஆட்குறைப்பு ஆகாது. மேல சொன்ன கணக்குல 1,56,000 ரூபாய் இழப்பீடும், முன்னறிவிப்புச் சம்பளமும், மறுதிறன் நிதியும் கேள்விக்குறி ஆகிடும். கிராஜுவிட்டி மட்டும்தான் மிஞ்சும்.

ரெண்டாவது, 'முழுமையாகப் பெற்றுக்கொண்டேன், இனி எந்தக் கோரிக்கையும் இல்லை' என்ற வரி. பணம் கணக்குல ஏறாம இந்த வரிக்குக் கீழ கையெழுத்துப் போடக் கூடாது.

"யோசிச்சு நாளைக்குச் சொல்றேன் சார்" என்று ஒரு வார்த்தை சொல்லிட்டு, பேப்பரை போன்ல போட்டோ எடுத்துக்கிட்டு வாங்க. சண்டை போடத் தேவையில்ல. ஒரு நாள் அவகாசம் கேட்கறது யாருக்கும் அவமரியாதை இல்ல.

கம்பெனியில 10 பேர் கூட இல்லையே, என்ன பண்றது?

பீங்கான் யூனிட்கள்ல இதுதான் பெரிய பிரச்னை. பல இடங்கள்ல நாலஞ்சு பேர்தான் வேலை பார்ப்பாங்க.

கிராஜுவிட்டிக்கு 10 பேர் என்ற வரம்பு குறுக்கே நிக்கும். ஆனா ஆட்குறைப்பு இழப்பீட்டுக்கு அப்படி ஆள் எண்ணிக்கை வரம்பு கிடையாது. ஒரு வருஷம் தொடர்ச்சியா, அதாவது 12 மாசத்துல குறைஞ்சது 240 நாள் வேலை பார்த்திருக்கணும். அவ்வளவுதான்.

"கம்பெனியையே மூடிட்டோம், நஷ்டம், அதனால எதுவும் தர முடியாது" என்பாங்களா? நிறுவனத்தை மூடினாலும் இழப்பீடு உண்டு. முதலாளி கையில இல்லாத, தவிர்க்கவே முடியாத காரணம்னா மூணு மாச சராசரிச் சம்பளம்தான் உச்சவரம்பு. ஆனா நஷ்டம், பணநெருக்கடி, சரக்கு தேங்கிப் போச்சு என்பதை மட்டும் வெச்சு 'தவிர்க்க முடியாத காரணம்'னு சொல்ல முடியாதுன்னு சட்டமே தெளிவா விளக்கியிருக்கு.

இங்க சட்டம் பக்கபலமா இருந்தாலும், நிரூபிக்க ஆதாரம் வேணும். 20 வருஷம் வேலை பார்த்ததுக்கு என்ன சாட்சி? சம்பளச் சீட்டு இல்லைன்னா வங்கிப் பாஸ்புக், பி.எஃப்., இ.எஸ்.ஐ. எண், வருகைப் பதிவேட்டோட போட்டோ, தீபாவளி போனஸ் கவர், வாட்ஸ்அப்ல வந்த "நாளைக்கு சூளை பத்த வைக்கணும், சீக்கிரம் வா" மெசேஜ் வரைக்கும் எல்லாத்தையும் பத்திரமா எடுத்து வையுங்க. கூட வேலை பார்த்தவங்க சாட்சியும் பலம்தான்.

இதோட மாவட்டத் தொழிலாளர் துறை அலுவலகத்துக்குப் போனா சமரசப் பேச்சுக்கு மனு கொடுக்கலாம். புதிய சட்டத்துல பிரச்னை எழுந்து ரெண்டு வருஷம் தாண்டிட்டா சமரச நடவடிக்கை எடுக்க முடியாது. அதனால 'பார்த்துக்கலாம்'னு தள்ளிப் போடாதீங்க. புதிய சட்டங்கள் வந்த நேரம் என்பதால, உங்க கேஸுக்கு எந்த விதி பொருந்தும்னு அங்கேயே உறுதி செஞ்சுக்கோங்க.

பி.எஃப்., இ.எஸ்.ஐ.ல என்ன கிடைக்கும்?

பி.எஃப்.: 2025 அக்டோபர் 13 அன்று வருங்கால வைப்பு நிதி அமைப்பின் மத்திய அறங்காவலர் குழு எடுத்த முடிவுப்படி, வேலை போனதும் 75 சதவீதம் எடுத்துக்கலாம். மீதி 25 சதவீதத்தை 12 மாசம் வேலை இல்லாம இருந்தா எடுக்கலாம். உங்க யு.ஏ.என். கணக்குல, வேலையை விட்ட தேதி சரியா ஏறியிருக்கான்னு முதல்ல பாருங்க.

பி.எஃப்.ல ஓய்வூதியத்துக்குன்னு ஒரு பகுதி தனியா இருக்கும். 10 வருஷம் சர்வீஸ் முடிச்சவங்களுக்கு 58 வயசுல மாச ஓய்வூதியம் உண்டு. 20 வருஷம் போட்ட உழைப்பு அது, இருக்கறதை மறந்துடாதீங்க.

இ.எஸ்.ஐ.: 'அடல் பீமித் வியக்தி கல்யாண் யோஜனா' என்ற திட்டத்துல, வேலை இழந்த காப்பீட்டாளருக்கு சராசரி தினச் சம்பளத்துல 50 சதவீதம், 90 நாள் வரைக்கும் கிடைக்கும். குறைஞ்சது ரெண்டு வருஷம் காப்பீட்டுல இருந்திருக்கணும். ஒழுங்கு நடவடிக்கையில போனவங்களுக்கும், விருப்ப ஓய்வு வாங்கினவங்களுக்கும் கிடையாது. அவ்வப்போது நீட்டிக்கப்பட்டு வர்ற திட்டம் என்பதால, இப்போ நடைமுறையில இருக்கான்னு இ.எஸ்.ஐ. கிளை அலுவலகத்துல கேட்டுக்கோங்க.

ரெண்டுமே பிடிக்காத இடத்துல வேலை பார்த்தவங்க, தமிழ்நாடு அமைப்புசாரா தொழிலாளர் நல வாரியத்துலயும், இ-ஷ்ரம் தளத்துலயும் பதிவு செஞ்சிருக்கீங்களான்னு பாருங்க. மண்பாண்டத் தொழிலாளர்களுக்குத் தனி நல வாரியமே இருக்கு.

கம்பெனி திரும்பத் திறக்கும்னு காத்திருக்கலாமா?

தமிழ்நாட்டுல நடந்த ரெண்டு பெரிய மூடல்கள் இதுக்குப் பதில் சொல்லும்.

2021 செப்டம்பர் 9. இந்தியாவுல கார் உற்பத்தியை நிறுத்தறதா ஃபோர்டு அறிவிச்சது. மறைமலைநகர் ஆலையில சுமார் 2,600 பேர் வேலை. 2022 ஜூலையில கடைசிக் கார் வெளியே வந்தது. தொழிலாளர்கள் சேர்ந்து நின்னு போராடிப் பேச்சுவார்த்தை நடத்தினதுல, நிறுவனம் முதல்ல சொன்ன தொகை படிப்படியா உயர்ந்து, முடிச்ச ஒவ்வொரு வருஷத்துக்கும் சராசரியா 140 நாள் மொத்தச் சம்பளம் என்ற அளவுல 2022 செப்டம்பர்ல முடிஞ்சது. சட்டத்தோட குறைந்தபட்சம் 15 நாள்தான் என்பதை இதோட ஒப்பிட்டுப் பாருங்க. கேட்டாத்தான் கிடைக்கும் என்பதுக்கு இதை விட உதாரணம் வேணுமா?

அதே ஆலையில என்ஜின் தயாரிக்க 3,250 கோடி ரூபாய் முதலீட்டுக்கு 2025 அக்டோபர் 31-ல் தமிழ்நாடு அரசோட ஃபோர்டு ஒப்பந்தம் போட்டது. நல்ல செய்திதான். ஆனா உற்பத்தி தொடங்கறது 2029-லன்னு சொல்லியிருக்காங்க. 2021-ல 44 வயசுல இருந்தவருக்கு அப்போ 52 வயசு ஆகியிருக்கும்.

அதுக்கு முன்னாடி ஸ்ரீபெரும்புதூர் நோக்கியா. 2014 நவம்பர் 1-ல் உற்பத்தி நின்னது. ஆயிரக்கணக்கான இளைஞர்கள், அதுலயும் நிறையப் பெண்கள், வீடு திரும்பினாங்க. அந்த வளாகத்தை சால்காம்ப் நிறுவனம் வாங்கறதா அறிவிப்பு வந்தது 2019-ல. அஞ்சு வருஷம் கழிச்சு!

ஆட்குறைப்பு செஞ்ச நிறுவனம் திரும்ப ஆள் எடுத்தா பழைய ஆளுக்கு முன்னுரிமை தரணும்னு சட்டம் இருக்கு. ஆனா புதிய சட்டத்துல அந்த முன்னுரிமைக்கு ஒரு வருஷம்தான் காலம். ஆலைகள் திரும்ப வரலாம், உங்க வயசு திரும்ப வராது. அதனால காத்திருக்கறதை ஒரு திட்டமா வெச்சுக்க வேணாம்.

சரி, பணம் வந்தாச்சு. முதல் வேலை என்ன?

முதல் ஒரு மாசம் எந்தப் பெரிய முடிவும் எடுக்காதீங்க. கையில லட்சக்கணக்குல காசு வந்திருக்குன்னு தெரிஞ்சா, ஊர்ல இருந்து யோசனைகள் வந்துக்கிட்டே இருக்கும். "ஆட்டோ வாங்கு", "டீக்கடை போடு", "மாசம் இவ்வளவு வட்டி தர்றாங்க, போடு".

கடைசிச் சொன்னதுல ரொம்ப உஷாரா இருங்க. 2022-ல வெளிச்சத்துக்கு வந்த ஆருத்ரா கோல்டு வழக்கை மறந்திருக்க மாட்டீங்க. சுமார் ஒரு லட்சம் பேர்கிட்ட 2,400 கோடி ரூபாய்க்கு மேல வசூல் ஆனதா போலீஸ் தரப்பு சொன்ன வழக்கு அது.

எளிமையா ஒரு வழி சொல்றோம். ஆறு மாசச் செலவை (நம்ம கணக்குக்கு 72,000 ரூபாய்) தனிக் கணக்குல போட்டு மறந்துடுங்க. அடுத்து, வட்டி அதிகமா இருக்கற கடனை அடையுங்க. பிள்ளைங்க ஃபீஸை ஒதுக்குங்க. மிச்சம் இருக்கறதுல ஒரு பகுதியை மட்டும் புது முயற்சிக்கு வையுங்க. அது போனாலும் அடுப்பு எரியணும்.

"எனக்கு இந்த வேலையைத் தவிர எதுவும் தெரியாதே..."

இதைச் சொல்லாதவங்களே இல்ல. ஆனா 'பீங்கான் வேலை' என்ற ஒரே பேருக்குள்ள எத்தனை வேலை ஒளிஞ்சிருக்குன்னு எழுதிப் பாருங்க.

மண் கரைசல் பதம் பார்க்கத் தெரியும். பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் அச்சு எடுக்கத் தெரியும். அச்சுல ஊத்தி, பிசிறு சீவி, காய வைக்கத் தெரியும். மேல பளபளப்பு ஏத்தத் தெரியும். சூளையில எதை எங்க அடுக்கணும், எப்போ சூடு ஏத்தணும், எப்போ நிறுத்தணும்னு தெரியும். கீறல் விட்ட பொருளைத் தட்டிப் பார்த்தே கண்டுபிடிக்கத் தெரியும்.

இதுல ஒவ்வொண்ணும் தனித் தொழில். அச்சு எடுக்கத் தெரிஞ்சவர் அலங்காரப் பொருள், கட்டட வேலைக்கான அச்சு செய்யப் போகலாம். சூளை தெரிஞ்சவரை மற்ற ஊர் யூனிட்களும் தேடும். கார்த்திகைக்கு அகல் விளக்கு, நவராத்திரிக்குக் கொலு பொம்மை, கடைகளுக்குப் பேர் போட்ட கப்னு சின்ன ஆர்டரை வீட்டுல இருந்தே செஞ்சு பார்க்கலாம்.

ஒரு நிபந்தனை மட்டும். முதல்ல ஆர்டர், அப்புறம்தான் மெஷின். பத்து கடை ஏறி இறங்கி, "இதை எவ்வளவுக்கு வாங்குவீங்க, மாசம் எத்தனை வேணும்?" என்று கேளுங்க. வாங்க ஆள் இல்லாததாலதான் பழைய வேலை போச்சு. அதே பொருளை அதே கடைக்குச் செஞ்சா அதே முடிவுதான் வரும்.

கடன், பயிற்சி எங்க கிடைக்கும்?

*கலைஞர் கைவினைத் திட்டம்:* 2025 ஏப்ரல்ல தமிழ்நாடு அரசு தொடங்கினது. 35 வயசுக்கு மேற்பட்ட கைவினைஞர்களுக்கு 3 லட்சம் ரூபாய் வரை கடன். 25 சதவீதம், அதிகபட்சம் 50,000 ரூபாய் மானியம். மண்பாண்டம், சுடுமண் வேலைகளும் பட்டியல்ல உண்டு.

*பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டம்:* உற்பத்தித் தொழிலுக்கு 50 லட்சம் வரை, சேவைத் தொழிலுக்கு 20 லட்சம் வரை திட்ட மதிப்பு. கிராமப்புறத்துல பொதுப் பிரிவுக்கு 25 சதவீதமும், பெண்கள் உள்ளிட்ட சிறப்புப் பிரிவினருக்கு 35 சதவீதமும் மானியம். 10 லட்சத்துக்கு மேற்பட்ட உற்பத்தித் திட்டத்துக்கு 8-ம் வகுப்பு தேர்ச்சி வேணும்.

ரெண்டுக்கும் மாவட்டத் தொழில் மையத்துல விசாரிக்கலாம். இந்த வருஷத்துக்கான நடைமுறை என்னன்னு கேட்டுட்டு விண்ணப்பிங்க. பீங்கான் தொழில்நுட்பத்துல டிப்ளமோ சொல்லித் தர்ற அரசு பயிலகம் விருத்தாசலத்துலயே இருக்கு. 20 வருஷ அனுபவத்தோட அங்க போய் புது நுட்பம் பத்திக் கேட்கறதுல கூச்சப்பட ஒண்ணுமே இல்ல.

முதல் 90 நாள்: சுருக்கமா

*1 முதல் 7 நாள்:* கையெழுத்துக்கு அவகாசம் கேளுங்க. ஆதாரங்களைச் சேருங்க. வீட்டுல சொல்லுங்க, மறைச்சு வெச்சுட்டு காலையில பஸ் ஏறாதீங்க.

*8 முதல் 30 நாள்:* சேர வேண்டியதைக் கணக்குப் போட்டு எழுத்துல கேளுங்க. மறுத்தா தொழிலாளர் துறை அலுவலகம். பி.எஃப்., இ.எஸ்.ஐ. விண்ணப்பம்.

*31 முதல் 60 நாள்:* தெரிஞ்ச வேலைகளைப் பட்டியல் போடுங்க. தினமும் ஒரு நேரம் வெச்சு வெளியே போய் ஆட்களைப் பாருங்க. மரியந்தால் மாதிரி நாள் நழுவாம இருக்க இது ஒண்ணே வழி.

*61 முதல் 90 நாள்:* சின்ன அளவுல ஒண்ணைச் செஞ்சு பாருங்க. பலிக்கலைன்னா அடுத்தது. அதுக்கும் நேரம் இருக்கு, ஏன்னா உங்க கையில முப்பது மாசம் இருக்கு.

வேலை போனவர்கிட்ட "இது வாய்ப்பு" என்று சொல்றதுக்கு முன்னாடி, "உனக்கு வர வேண்டியதை வாங்கிட்டியா?" என்று கேளுங்க. "இல்ல"ன்னு பதில் வந்தா, தொழிலாளர் அலுவலகம் வரைக்கும் ஒரு நாள் கூடப் போய்ட்டு வாங்க. அறிவுரையை விட அது பெரிய உதவி.